அவள் பறவை பார்க்கட்டும்

கல்லூரிகளில் வழிகாட்டல் கூட்டம் என்றாலே இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: ‘உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?’ மனதுக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, அதையே வேலையாக்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் கிளம்பிவிடுகிறார். எல்லோரும் வெள்ளைத்தாளோடு பிறந்ததாக நினைப்பு. நம் தாளில் முன்பே எழுதி வைத்திருந்தார்களே!

பெசவாடா வில்சன் கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனவரைத் துப்புரவு வேலைக்கே பதிந்தார்கள். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிப்பதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்த அவருக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. அவருடைய நோக்கம் கண்ணை மூடி உள்ளுக்குள் தேடிக் கிடைத்ததல்ல. ஊர் கொடுத்த நோக்கத்தை மறுத்ததில் பிறந்தது.

நோக்கம் கொடுப்பதில் சனாதனம் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. சுதர்மம் என்று அதற்கு அழகான பெயரும் வைத்தது. 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். பெரியார் இயக்கம் கொதித்தெழுந்தது, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது ஒழிந்தது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் குரு-சிஷ்ய பரம்பரை, குடும்பத் தொழில் என்று அதே வாசலைத் திறக்கிறது. சாதி என்பது தொழிலாளர்களைப் பிரிப்பது என்று 1936லேயே அண்ணல் எழுதிவிட்டார். பிடிக்காத வேலையில் மனம் எப்படி ஒட்டும் என்ற கேள்வியும் அதே உரையில் இருக்கிறது.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகள். அக்கா சென்னையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவள் வாரும் குப்பை பெருங்குடிக் கிடங்குக்குப் போகிறது. கிடங்கை ஒட்டியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். விலங்கியல் முதுகலை முடித்த மகள் அங்கே கூழைக்கடாவையும் பூநாரையையும் பார்த்துக் குறிப்பெழுதுகிறாள். ஆய்வுக்கு இடம் கேட்டுப் போன கல்லூரியில் ஒரு பேராசிரியர், “உங்களுக்கு எதுக்கும்மா பறவை? வேலை கிடைக்கிற படிப்பா படிக்கலாமே” என்றாராம். அந்த ‘உங்களுக்கு’ என்னவென்று நமக்குத் தெரியும்.

அவரைவிட நம் தோழர்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தார்கள். “ஐ.ஏ.எஸ். எழுதச் சொல்லுங்க, சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டாமா?” என்கிறார்கள். 1956இல் ஆக்ராவில் படித்தவர்கள் தன்னைக் கைவிட்டதாக அண்ணல் வருந்திப் பேசியதை நினைவூட்டுகிறார்கள். சலுகையை வாங்கிக்கொண்டு சேரியை மறந்தவர்களுக்கு அது இன்றும் உறைக்க வேண்டும். ஆனால் பெசன்ட் நகர்ப் பையன் கேமராவோடு கிளம்பினால் சமூகத்துக்கு என்ன செய்தாய் என்று எவனும் கேட்பதில்லை. கடன் என்ற பெயரில் நாமும் பிறப்பைப் பார்த்து வேலை ஒதுக்கலாமா? அவள் விருப்பத்துக்கு ஒரு பறவையின் பின்னால் போகட்டும். சாதி ஒழிப்பு இதற்கும் சேர்த்துத்தானே?

அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் படிக்க வேண்டும். அது அக்காவின் சம்பளத்தில் நிற்கிறது. ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தச் சம்பளமும் ஆடும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததும் இதற்காகத்தான். மகளுக்கு நோக்கம் சொல்லித்தரும் தோழர்கள், அடுத்த முறை பந்தல் போடும்போது தாயின் பணிநிரந்தரத்துக்காக வந்து உட்காருங்கள்.