சேலத்துக்குக் கண்ணாடிச் சுவர் எதற்கு?

ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அபார்ட்மென்ட் கட்டினால் முகப்பெல்லாம் கண்ணாடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டடம் மாதிரித் தெரியும் என்கிறார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருமே இதைச் சொல்கிறார்கள். அதற்குக் காட்டும் காரணங்கள்தான் நிற்கவில்லை.

முதலில் வெளிச்சம். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11.6 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. அந்த நேரத்தில் சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மேற்கில் அது நடக்காது. மாலை நான்கு மணிக்குமேல் தாழ இறங்கும் வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேராகக் கட்டில்வரை வரும். வாஸ்துப்படி பெரிய படுக்கையறையை வைப்பதும் தென்மேற்குக் கன்னி மூலையில்தான்! அங்கே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தால், திரையை இழுத்துவிட்டு லைட் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பாருங்கள். ஷெட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடும், குறுகலான பக்கம்தான் மேற்கு வெயிலைப் பார்க்கும், நீளப் பக்கங்களில் காற்றோட வலை. முட்டைக் கோழிக்குப் பார்க்கும் திசையை மனிதருக்குப் பார்ப்பதில்லை.

சேர்வராயன் மலை தெரிய வேண்டாமா என்றால், தெரியட்டும். மலை ஊருக்கு வடக்கே இருக்கிறது. வடக்கு ஜன்னலைப் பெரிதாக வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஏசி போட்டால் தீர்ந்தது என்பது அடுத்த வாதம். கண்ணாடியைத் தேர்வு செய்பவர் பில்டர், கரண்ட் பில் கட்டுபவர் குடியிருப்பவர் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கண்ணாடி இல்லாவிட்டால் அழகில்லை என்பதுதான் மிகப் பலவீனமான வாதம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930களில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. வடக்கு, தெற்கு முகப்புகள் முழுக்கத் திருப்பித் திறக்கும் லூவர் பலகைகள். காற்று ஊடுருவும், வெயில் வெளியே நிற்கும், அந்தப் பலகை வரிசைகளே முகப்பின் அழகு. மும்பையில் சார்லஸ் கொரியா கட்டிய காஞ்சன்ஜங்கா, 1983இல் முடிந்த 28 மாடிக் குடியிருப்பு, மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குக் குடைந்த வராந்தாக்களால்தான் இன்றும் பேசப்படுகிறது. கடற்காற்று வேண்டும், பிற்பகல் வெயிலும் மழைச்சாரலும் வேண்டாம் என்ற கணக்கில் பிறந்த உருவம் அது.

ஒரு வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 ரெரா சட்டப்படி பால்கனி கார்பெட் ஏரியாவில் சேராது. ஆழமான பால்கனி கட்டும் பில்டர், ஒப்பந்தத்தில் சிறிய எண்ணைக் காட்டவேண்டியிருக்கும், அடுத்த மனைக்காரரோ பெரிய எண்ணைக் காட்டுவார். தடை பணக் கணக்கில் இருக்கிறது. அதை நவீனம் என்ற பெயரில் விற்காமல் இருந்தால், வாங்குபவர் மேற்கு ஜன்னலைப் பற்றியாவது பேரம் பேசுவார்.