ஒளிவாளின் பிடிக்குள்ளே

திரைப்படக் கற்பனைகளுள் ஒளிவாளைப் போல மனிதரின் கைகளைத் துருதுருக்க வைத்த பொருள் வேறொன்று உண்டா என்பது ஐயமே. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ஜோர்ஜ் லூகாஸின் 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படத்தில் அது முதன்முதலாக ஒளிர்ந்தது. இன்று பல நாடுகளில், வளர்ந்த மனிதர்கள் பற்றாசுக்கோலும் கையுமாக அமர்ந்து அந்த வாளைத் தமக்கெனப் படைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் சிலரோடும் எனக்கொரு வழக்கு உண்டு.

மூல வாளே ஓர் ஒட்டுவேலைதான். அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாயிருந்த றோஜர் கிறிஸ்ரியன், இலண்டனில் ஒரு புகைப்படக் கடையில் பழைய கிராஃப்ளெக்ஸ் கமராவின் பிளாஷ் பிடியைக் கண்டெடுத்தார். அதில் றப்பர் பட்டிகளை ஒட்டியதும் அது லூக் ஸ்கைவோக்கரின் வாள்பிடியாயிற்று. அலகின் ஒளி பின்னர் படச்சட்டங்களில் தீட்டப்பட்டது. ஒலி, பென் பேர்ட்டின் கைவண்ணம். பழைய படம்காட்டும் இயந்திரமொன்றின் மோட்டார் ரீங்காரத்தோடு, உறை அறுந்த ஒலிவாங்கிக் கம்பி தொலைக்காட்சிப் பெட்டியருகே பிடித்த இரைச்சலை அவர் கலந்தார். அக்கலவையை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அதன்முன் இன்னோர் ஒலிவாங்கியை வீசிப் பதிவு செய்தபோது வாள்வீச்சின் ஓசை பிறந்தது.

ஆக, திரையில் நாம் கண்ட ஒளியின் பெரும்பங்கும், கேட்ட ஒலி முழுவதும் பிடிக்கு வெளியே பிறந்தவை. இன்றைய ஆர்வலர் இரண்டையும் பிடிக்குள்ளேயே பிறப்பிக்க முனைகிறார். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட லித்தியம் மின்கலம், சிறிய ஒலிபெருக்கி, ஆளி, ஒலிப்பலகை ஆகிய அனைத்தும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கவேண்டும். பலகையிலுள்ள உணரிகள் கையின் அசைவை அளக்க, நினைவு அட்டையில் உள்ள ரீங்காரமும் வீச்சொலியும் அந்த அசைவுக்கேற்பக் கலந்து ஒலிக்கின்றன. பேர்ட் ஒலிவாங்கியை வீசிச் செய்ததை இப்பலகை கணக்கிட்டுச் செய்கிறது. இதில் மெச்சத்தக்க கைத்திறன் உண்டு.

எனது வழக்கு இதுதான்: வாள் கற்பனை, அதனுள் ஓடும் மின்னோட்டம் கற்பனையன்று.

கணக்கைப் பாருங்கள். முழுதாக மின்னேற்றிய மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று. சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.2 வோல்ற்று போதும். 1 அம்பியர் செலுத்துவதாயின், எஞ்சும் 2 வோல்ற்றை ஏற்க 2 ஓம் தடையி வேண்டும். அது 2 வாற்று வெப்பத்தையும் தாங்கவேண்டும். பெட்டியில் கிடந்த கால் வாற்றுத் தடையியை மாட்டினால் அது கருகிப்போகும். அலகு முழுவதும் ஒளிப்பொட்டுகளை நிரப்பும் புதிய முறையிலோ, ஒரு பொட்டு முழு வெண்மையில் 60 மில்லிஅம்பியர் வரை உறிஞ்சும். 250 பொட்டுகளுக்கு 15 அம்பியர்! நமது வீட்டுச் சதுரமுனைச் செருகியின் உருகியே 13 அம்பியருக்குரியது. வோல்ற்றளவு குறைவுதானே எனலாம். ஆனால், கம்பியைச் சூடாக்குவது ஓட்டமே. போதாக்குறைக்குப் பிடியும் பெரும்பாலும் அலுமினியம். உறை தேய்ந்த ஒரு கம்பி அதில் உரசினால், குறுஞ்சுற்றும் தீயும் தொலைவில் இல்லை.

எனினும், வாங்குவோர் கேட்பதெல்லாம் எந்தப் பாத்திரத்தின் வாள், எத்தனை நிறங்கள், ஒலி எவ்வளவு உரத்தது என்பவையே. உள்ளே மிகையோட்டப் பாதுகாப்புள்ள மின்கலம்தான் இருக்கிறதா? மின்னோட்டத்துக்கேற்ற தடிப்பில் கம்பி இட்டிருக்கிறார்களா? செருகியதும் சுற்றைத் துண்டித்துவிடும் 'கில் கீ' உண்டா? இக்கேள்விகளைக் கேட்போர் அரிது. கேளாதவிடத்தில் இவற்றைக் கைவிட்டு, பளபளப்பை மட்டும் விற்பவர்களுக்குக் குறைவில்லை. மூடிய பிடியைத் திறந்து பார்ப்பவர் யார் என்ற துணிவே அதற்குக் காரணம்.

நல்ல முன்மாதிரியும் இத்துறையிலேயே இருக்கிறது. 'புரொஃபிபோர்ட்' என்னும் ஒலிப்பலகையை இயக்கும் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். நிரலைத் திறந்து வைக்க முடியுமானால், ஒவ்வொரு வாளோடும் அதன் மின்சுற்று வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து கொடுப்பதில் என்ன தடை? ஐந்தாண்டுகள் கழித்து மின்கலம் மாற்றுபவருக்கு, அதை அனுப்பியவரின் முகம் நினைவிராது. அந்தத் தாள் கையிலிருந்தால் போதும்.

பிள்ளையின் கையில் கொடுப்பதற்காக ஒளிவாள் வாங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுவே: ஒளிர்கிறதா, ஒலிக்கிறதா என்று பிறகு பாருங்கள். பிடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.