கவர் என்றால் எல்லாம் ஒரே கவரா?

வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் இந்தக் காலத்திலும் கவருக்கு வேலை போய்விடவில்லை. பாக்கி நினைவூட்டல், செக், புதுக்கணக்கு அழைப்பு எல்லாம் இன்னும் கவரில் போகின்றன. முகவரியை மட்டும் கையால் எழுதாமல் பிரிண்டரில் அடிக்கிறோம். வம்பு அங்கேதான்.

சென்ற ஆண்டு புதுக்கணக்கு அழைப்புக்காக ஐந்நூறு கவர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். லேசர் பிரிண்டரில் விட்டால், பாதிக்கு மேல் வாய் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. பிரித்தால் கிழிந்தன. ஒன்று உள்ளே சிக்கி உருளையும் கெட்டது. மெக்கானிக்குக் கொடுத்த பணத்தில் நல்ல கவரே வாங்கியிருக்கலாம். விற்றவரைக் கேட்டேன். "கவர்னா கவர்தானே அண்ணாச்சி!" என்றார்.

கையால் எழுதிய காலத்துக்கு அது சரி. லேசர் பிரிண்டரில், டோனர் தூளை உருக்கித் தாளில் பிடிக்க வைக்கும் உருளை சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் மட்டமான பசை இளகிவிடும். உரித்து ஒட்டும் கவரையும், பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவரையும், லேசருக்கென்றே செய்தவையாக இருந்தாலொழிய, உள்ளே விடக்கூடாது. உலோகக் கொக்கி உள்ளதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்க்ஜெட்டில் இந்தச் சூடு இல்லை. ஆனால் மட்டமான பழுப்புத் தாளில் மை ஊறி, பின்கோடு கலங்கிவிடும்.

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் அடங்கும் 110க்கு 220 மில்லிமீட்டர் கவர், 80 முதல் 90 ஜிஎஸ்எம், மடிப்பு படிந்து ஓரம் நெளியாதது. எனக்குத் தோதுப்பட்டது இதுதான். மூலையில் தாள் மூன்று நான்கு அடுக்காகச் சேருவதால், கனம் கூடினால் அங்கேதான் சிக்கும். மழைக்காலத்தில் கட்டைப் பிரித்துப் போட்டு வைத்தாலும் ஈரம் ஏறி வளைந்துவிடும்.

வாங்குகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் வாங்கிய கட்டின் மேல் அளவும் விலையும் இருந்தன. ஜிஎஸ்எம் இல்லை, லேசருக்கு ஆகுமா என்ற குறிப்பும் இல்லை. ஏ4 கட்டில் ஜிஎஸ்எம் அச்சிட்டு விற்கும்போது கவர்க் கட்டில் ஏன் கூடாது? மொத்த வியாபாரிகள் உற்பத்தியாளரிடம் வற்புறுத்தினால் நடக்காத காரியமா? சில்லறைக் கடைக்காரர்களும் சாம்பிளுக்குப் பத்துக் கவர் கொடுக்கத் தயங்க வேண்டாம். வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

இப்போதெல்லாம் நான் அந்தப் பத்தையும் பிரிண்டரில் விட்டு, ஆறிய பின் வாய் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டுக்குப் பணம் எண்ணுகிறேன்.