அரைகுறையா இருந்தாலும் எழுதி வாங்கு

நாலு தமிழ்க் குடும்பம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கூடினா, பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில இன்ஷூரன்ஸ்ல வந்து நிக்கும். இந்த ஊர்ல அது தலையெழுத்து. அப்படி ஒரு கூட்டத்துல ஆந்திராவோட புது மருத்துவக் காப்பீடு பத்திப் பேச்சு வந்துச்சு. நான் திருப்பதிக்காரன்ங்கறதால எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நண்பர் ஒருத்தர் தீர்ப்பு சொல்லிட்டார்: "அது வராம இருக்கறதே மேல் தம்பி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தீனி. ஒண்ணு முழுசா வரணும், இல்லன்னா வேண்டவே வேண்டாம். அப்பதான் ஜனங்க பொங்கி எழுவாங்க."

சுத்தி உக்காந்திருந்தவங்க தலையாட்டினாங்க. தலையாட்டின அத்தனை பேருக்கும் வேலை செய்யற கம்பெனி மூலமா இன்ஷூரன்ஸ் இருக்கு. அதனாலதான் இதை எழுதறேன்.

விஷயம் இதுதான். 2025 செப்டம்பர்ல ஆந்திர அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. வருமானம் பாக்காம எல்லாக் குடும்பத்துக்கும் வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் ரூபாய் வரைக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மூலமா சிகிச்சை. ஏழைக் குடும்பங்களுக்கு அதுக்கு மேல 25 லட்சம் வரைக்கும் அரசாங்கத்தோட என்.டி.ஆர். வைத்ய சேவா டிரஸ்ட் பாத்துக்கும். நண்பர் சொல்ற குறையெல்லாம் இதுல இருக்கு. நடுவுல கம்பெனி நுழையுது. கம்பெனி நுழைஞ்சா "இது கவர் ஆகாது"ங்கற பதிலும் கூடவே நுழையும். நமக்குத் தெரியாதா என்ன?

ஆனா "வேண்டவே வேண்டாம்"னு சொல்றதுக்கு முன்னாடி அலிபிரி ரோட்டுல ஒரு நாள் நின்னு பாக்கணும்.

உங்களுக்கு அலிபிரின்னா மலையடிவாரம், கருடன் சிலை, மேல போற 3,550 படி. அங்கேயே வளந்த எனக்கு அலிபிரி ரோடுன்னா ஆஸ்பத்திரி. ரூயா அரசு ஆஸ்பத்திரி, தேவஸ்தானம் 1993-ல ஆரம்பிச்ச ஸ்விம்ஸ், பக்கத்துலயே எலும்பு, போலியோ சிகிச்சைக்கான பர்டு. ஒரு பக்கம் கோவிந்தா கோஷத்தோட மலையேற வர்ற கூட்டம். இன்னொரு பக்கம் நகரி, புத்தூர், காளஹஸ்தி, மதனப்பள்ளின்னு நாலா பக்கத்துலேர்ந்தும் ஸ்கேன் கவரை மார்போட அணைச்சுக்கிட்டு வர்ற கூட்டம். காம்பவுண்டு ஓரமா துணி விரிச்சு, தூக்குச் சட்டியில கொண்டுவந்த சோத்தைத் தின்னுட்டு, தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கிட்டு நாள்கணக்கா காத்திருப்பாங்க.

2007-க்கு முன்னாடி இவங்களுக்கு இதயத்துல ஆபரேஷன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வழி ரெண்டுதான். நிலத்தையோ நகையையோ வித்துட்டு வேலூருக்கோ மெட்ராஸுக்கோ பஸ் ஏறணும். இல்லன்னா எம்.எல்.ஏ. கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கி முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனு போடணும். அந்த மனுக்கள் மலையா குவிஞ்சதுதான் ராஜசேகர ரெட்டி காலத்துல ஆரோக்கியஸ்ரீ பிறக்கக் காரணம். 2007 ஏப்ரல் 1-ம் தேதி அனந்தபூர், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம்னு மூணு மாவட்டத்துல ஆரம்பிச்சு, அடுத்த வருஷத்துக்குள்ள சித்தூர் உட்பட மாநிலம் முழுக்க வந்துடுச்சு. வெள்ளை ரேஷன் கார்டு இருந்தா போதும். ஆஸ்பத்திரி வாசல்லயே 'ஆரோக்கியமித்ரா'ன்னு ஒருத்தர் உக்காந்து பேப்பர் வேலையைப் பாத்துக்குவார். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், தேவைப்பட்டா இன்னும் அம்பதாயிரம்.

அப்பவும் இதே பேச்சுதான். தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணத்தைக் கொட்டறாங்க, அரசு ஆஸ்பத்திரி நாசமாப் போகும், பெரிய ஆபரேஷனுக்குக் காசு, சாதாரண காய்ச்சலுக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க. சொன்னவங்க முட்டாள்கள் இல்லை. சொன்னதுல நிறைய நடந்துச்சு. தேவையில்லாம கர்ப்பப்பையை எடுக்கறாங்கன்னு புகார் கிளம்பி, அரசே தலையிட வேண்டி வந்துச்சு. 2021 மே 10-ம் தேதி ராத்திரி ரூயாவுல ஆக்ஸிஜன் அழுத்தம் குறைஞ்சு 11 பேர் செத்துப்போனதா அரசுக் கணக்கே சொல்லுது. திட்டத்துக்குக் குடுத்த கவனத்துல கொஞ்சம் அந்த ஆக்ஸிஜன் குழாய்க்கும் குடுத்திருக்கலாம்.

எங்க சித்தப்பா கதையும் அப்படித்தான். இருபது வருஷம் பி.பி. மாத்திரையை ஒரு வாரம் வாங்கி, ஒரு வாரம் விட்டு, கைக்காசு இருந்தாப் போட்டுக்கிட்டார். அந்த மாத்திரைக்கு எந்த அரசுத் திட்டமும் அவருக்குப் பைசா தரலை. கடைசியில இதயக் குழாய் அடைச்சதும் லட்ச ரூபாய்க்கு மேல செலவு பண்ணி பைபாஸ் பண்ணி வெச்சுது ஆரோக்கியஸ்ரீ. கிறுக்குத்தனமான கணக்கு. ஆனா அந்தக் கிறுக்குத்தனத்தாலதான் இன்னிக்கும் மனுஷன் வீடியோ கால்ல வந்து "எப்ப ஊருக்கு வர்ற?"ன்னு கேட்டு உயிரை வாங்கறார். முழுமையான திட்டம் வர்ற வரைக்கும் பொறுத்திருங்க சித்தப்பான்னு நண்பர் அவர்கிட்ட சொல்லுவாரா?

பொறுத்திருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா நாம இப்ப குடியிருக்கற நாட்டையே பாக்கலாம். 1974-ல நிக்சன் ஒரு தேசிய மருத்துவக் காப்பீட்டு யோசனையைக் கொண்டு வந்தார். குறைகள் இருந்துச்சு. தொழிற்சங்கங்கள் "வாட்டர்கேட் நாறுது, அடுத்த தேர்தல் முடியட்டும், இதைவிட நல்லதா வாங்கிக்கலாம்"னு நின்னாங்க. எட்வர்ட் கென்னடியும் கடைசியில உடன்பாட்டுக்கு வர முடியலை. பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டார். அந்த "அடுத்த தேர்தல்" முடிய 36 வருஷம் ஆச்சு. 2009 டிசம்பர்ல மறுபடியும் அதே காட்சி. அரசு நடத்தற இன்ஷூரன்ஸ் அம்சத்தை செனட்ல கழட்டி விட்டதும், ஹோவர்ட் டீன் மாதிரி ஆளே மசோதாவைத் தூக்கிப் போடுங்கன்னார். போடலை. 2010 மார்ச் 21-ம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி 219-க்கு 212-னு பிரதிநிதிகள் சபையில தப்பிப் பிழைச்சுது.

அந்த ஓட்டைச் சட்டம் நமக்கு என்ன பண்ணுச்சு? சர்க்கரை வியாதின்னு சொல்லி இன்ஷூரன்ஸ் தர மறுக்கறது நின்னுச்சு. பசங்க 26 வயசு வரைக்கும் நம்ம பாலிசியில இருக்கலாம். கிரீன் கார்டுல வந்து, 65 வயசு தாண்டியும் அஞ்சு வருஷம் முடியாததால மெடிகேர்ல சேர முடியாத நம்ம அப்பா அம்மாவுக்கு சந்தையில ஒரு பாலிசி வாங்க வழி கிடைச்சுது. அன்னிக்குக் கூட்டத்துல தலையாட்டினவங்கள்ல ரெண்டு பேரோட அம்மாவுக்கு அப்படித்தான் பாலிசி இருக்கு. வாயைத் திறக்கலை, சாம்பார் சாதம் நல்லா இருந்துச்சு.

எதிர்த்தரப்புல வலுவான வாதம் ஒண்ணு இருக்கு. அரைகுறைச் சட்டம் வந்தா அதுல லாபம் பாக்கற கூட்டம் ஒண்ணு உருவாகி, நல்ல சட்டத்தை வரவே விடாதுன்னு சொல்லுவாங்க. லாபம் பாக்கற கூட்டம் சட்டத்துக்கு முன்னாடியே இருந்துச்சு சாமி. சட்டம் வந்ததும் இன்னொரு கூட்டமும் சேருது, பலன் அனுபவிச்ச ஜனங்க. 2017 ஜூலையில ரத்து பண்ணப் போனப்ப 51-க்கு 49-னு தோத்தது மெக்கெய்ன் கட்டை விரலால மட்டும் இல்லை. கையில வந்ததை விட மாட்டோம்னு ஜனங்க ஊர் ஊரா வந்து நின்னதாலயும்தான். மெடிகேர் மட்டும் 1965-ல முழுசாவா வந்துச்சு? வீட்டுல சாப்பிடற மாத்திரைக்குக் காசு தர 2003-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் மருந்துக் கம்பெனியோட விலை பேசக்கூடாதுன்னு அரசோட கையைக் கட்டுச்சு. அந்தக் கட்டை ஓரளவு அவுக்க 2022 ஆச்சு. மெதுவு, வயித்தெரிச்சல்தான். ஆனா ஒட்டுப்போட ஒரு துணி கையில இருந்துச்சு.

இப்ப நண்பர் விட்ட இடத்துக்கு வர்றேன். ஆந்திராவுல கோபப்பட வேண்டிய இடம் கம்பெனி இல்லை. இது சட்டமே இல்லைங்கறதுதான். 2007-லேர்ந்து எல்லாமே திட்டம், அரசாணை. முதல்ல ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ, அப்புறம் என்.டி.ஆர். வைத்ய சேவா, 2019-க்கு அப்புறம் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ, 2024-ல மறுபடி என்.டி.ஆர். வைத்ய சேவா. பேர் மாறுது, போர்டு மாறுது, நிலுவை மட்டும் மாறலை. பாக்கி வரலைன்னு 2024 மே மாசமும் 2025 அக்டோபர்லயும் தனியார் ஆஸ்பத்திரிகள் சேவையை நிறுத்தினாங்க. கார்டோட வாசல்ல நிக்கற நோயாளி யார் மேல வழக்குப் போடுவார்? போர்டு மேலயா?

சட்டத்துக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசம் அமெரிக்காவுலயே தெரியுது. 2021-ல தேதி போட்டுக் குடுத்த கூடுதல் மானியம் 2025 கடைசி நாளோட முடிஞ்சுது, அதை நீட்டிக்கச் சொல்லி எத்தனையோ சண்டை நடந்தும். தேதி போடாம சட்டத்துல எழுதின "பழைய வியாதிக்காக மறுக்கக் கூடாது" அப்படியே நிக்குது.

சட்டம்னு எழுதிட்டா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. ராஜஸ்தான் 2023 மார்ச் 21-ம் தேதி (அதே தேதி, தற்செயல்தான்) மருத்துவ உரிமைச் சட்டத்தை நிறைவேத்துச்சு. தனியார் டாக்டர்கள் தெருவுக்கு வந்தாங்க. ஏப்ரல் 4-ம் தேதி அரசு இறங்கிவந்து, 50 படுக்கைக்குக் குறைஞ்ச தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு குடுத்துச்சு. அந்த விட்டுக்குடுத்தல் எனக்குத் தப்பாப் படலை. அதுக்கப்புறம் விதிமுறைகளை எழுதாம விட்டதுதான் அயோக்கியத்தனம். ஆட்சி மாறி, ரெண்டு வருஷம் கழிச்சும் விதிகள் வரலை. நம்ம தமிழ்நாடு மட்டும் என்ன வாழுதாம்? தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தற சட்டம் 1997-ல போட்டு, அதுக்கு விதி எழுத 2018 ஆச்சு. இருபத்தொரு வருஷம்!

அதனால நான் கேக்கறது இவ்வளவுதான். கம்பெனி வரட்டும், ரெண்டரை லட்சமாவே இருக்கட்டும், வெளிநோயாளி மாத்திரை இன்னிக்கு இல்லாமப் போனாலும் போகட்டும். ஆனா சட்டசபையில வெச்சு நிறைவேத்துங்க. விதிகள் இந்தத் தேதிக்குள்ளன்னு அந்தச் சட்டத்துக்குள்ளயே எழுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் பணம் எத்தனை நாள்ல போகணும், போகலைன்னா யார் வட்டி கட்டணும், நோயாளியைத் திருப்பி அனுப்பினா எங்க போய் முறையிடணும், இந்த மூணும் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. பேர் யாரோடதை வேணா வெச்சுக்கங்க.

ஆந்திரா எம்.எல்.ஏ., மந்திரிங்க இங்க சங்கத்து விழாவுக்கு வரும்போது மாலை போட்டு, வரிசையில நின்னு படம் எடுத்துக்கறோமே, அந்த வரிசையில ஒருத்தராவது படத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட கேக்கலாம்: மசோதா எப்ப சார்?