தொழில்வழிச் சிகிச்சையும் நமது தயக்கமும்

'ஒக்குபேஷனல் தெரப்பி' என்பதைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என வழங்குகின்றோம். இப்பெயரைக் கேட்டு, "சிறு பிள்ளைக்கு என்ன தொழில்?" என வியக்கும் பெற்றோர் உளர். உண்பதும் உடுப்பதும் எழுதுவதும் விளையாடுவதுமே பிள்ளையின் தொழில். அவற்றைச் செய்ய இடர்ப்படும் பிள்ளைக்குக் கைகொடுப்பதே இச்சிகிச்சை. மெதுவாக எழுதும் தோழனைக் கண்டு நகைக்கும் மாணவர்களும் இதனை அறிதல் நன்று.

இங்கிலாந்தில் வாழும் நம்மவரிடையே இவ்விடர்ப்பாடு பிந்தியே வெளிப்படுகின்றது. அதற்கு நமது அன்பும் ஒரு காரணம் என்பேன். 7 வயதுப் பிள்ளைக்கு அம்மம்மா சோறு ஊட்டுகின்றார். தாயார் பொத்தான் பூட்டுகின்றார். தந்தையார் சப்பாத்துக் கயிறு கட்டுகின்றார். பிள்ளையால் இயலுமா என்பதை எவரும் அறிவதில்லை. தமிழ்ப் பள்ளியில் 'இ', 'ஞ' போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளை எழுதும்போதே அது புலப்படுகின்றது. (கையெழுத்துச் சீரில்லாத பிள்ளைகள் அனைவருக்கும் சிகிச்சை வேண்டியதில்லை என்பதும் உண்மையே.) ஆயினும் விரல் நோகப் பென்சிலை அழுத்தும் பிள்ளையைச் சோம்பேறி என்பதும், பெற்றோர் மனம் புண்படுமென ஆசிரியர் மௌனம் காப்பதும் அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" எனப் பெற்றோரும் காலங் கடத்துகின்றனர். தேசிய சுகாதார சேவையில் இச்சிகிச்சை இலவசம். ஆனால் காத்திருப்போர் வரிசை நீண்டது. பகற் பள்ளியின் 'சென்கோ' எனப்படும் சிறப்புத் தேவை இணைப்பாளரிடம் முதலிற் பேசுங்கள். குடும்ப வைத்தியரும் பரிந்துரைக்கலாம். சில பகுதிகளிற் பெற்றோர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். தேவை பெரிதாயின், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைக் கவுன்சிலிடம் நீங்களே எழுத்திற் கோரலாம். மதிப்பிடுவதா இல்லையா என்பதை அது 6 வாரங்களுள் அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு இடமுண்டு. தனியாரை நாடுவோர், சிகிச்சையாளரின் பெயர் எச்.சி.பி.சி. பதிவேட்டில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டின்போது, வீட்டிற் பிள்ளை கையால் உண்பதையும் சொல்லுங்கள். இல்லையேல் கத்தி, முள்ளுக்கரண்டிப் பழக்கமின்மையும் இயலாமையாகக் கணிக்கப்படலாம். ஆங்கிலம் தடையாயின் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். சுகாதார சேவையில் அதற்குக் கட்டணமில்லை. மூத்த பிள்ளையை அப்பணிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தம்பியின் குறையைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பாரம் 12 வயதுச் சிறுமிக்கு உரியதன்று.