பூர்வீகம் காட்டி உரிமை கேட்பதை நிறுத்துவோம்

பெப்ரவரி 4 நெருங்கினால் நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே மடல் சுற்ற ஆரம்பித்துவிடும். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றியது, பங்கரகம்மனையில் மன்னனைக் காட்டிக்கொடுக்காமல் உயிரைக் கொடுத்த முஸ்லிம் பெண், கண்டி அரண்மனைக்கு வைத்தியம் பார்த்த நம்மவர்கள், சுதந்திரத்துக்கு நிபந்தனை இல்லாமல் ஆதரவு கொடுத்த மர்ஹூம் டி.பி. ஜாயா. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நாம் வந்தேறு குடிகள் அல்ல. பாடசாலையில் பிள்ளைகள் மனனம் செய்து பேசுவதும் இதைத்தான், பள்ளிவாசலில் கொடியேற்றிவிட்டுத் தலைவர் பேசுவதும் இதைத்தான்.

இந்தக் கதைகளைப் படிப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லோர்னா தேவராஜா என்ற சிங்கள வரலாற்றாசிரியர் இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் எழுதிய புத்தகத்தைப் பயிற்சிக் காலத்தில் வாசித்து மகிழ்ந்தவள்தான் நானும். எனது கேள்வி, இவற்றை எதற்காகச் சொல்கிறோம் என்பது. வரலாறாகச் சொல்கிறோமா, அல்லது இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தின் பின்னிணைப்பாகச் சொல்கிறோமா? பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆயிரம் வருடம் இருந்தோம், அரசனுக்கு உதவினோம், ஆகவே தயவுசெய்து எங்களையும் உங்களில் ஒருவராக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பாருங்கள், நமது மேடைப் பேச்சுகளின் தொனியே அதுதான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று ஒரு கட்டுரை வாசித்தார். அது வெறும் ஆராய்ச்சி அல்ல. சட்டவாக்க சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்பதுதான் அந்த நாட்களின் பேச்சு. அடுத்த வருடமே அந்த ஆசனம் கிடைத்து எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். நமது மூதாதையர் அரபிகள் என்பது அந்த மறுப்பின் மையம். அன்றைய தேவைக்கு அது சரியான ஆயுதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஆயுதத்தின் மறுமுனை யாரை நோக்கித் திரும்பியது என்று பாருங்கள். தமிழர் இல்லை என்று காட்ட அரபு வம்சத்தைப் பிடித்தோம். நூறு வருடம் கழித்து, ‘அப்படியென்றால் அரபு நாட்டுக்கே போ’ என்று இன்னொருவர் சொல்கிறார்.

(அரபு நாட்டுக்குப் போன நமது ஆட்களைக் கேளுங்கள். வம்சத்தைச் சொன்னதும் எந்தக் கபீலாவது இக்காமாவை இலவசமாக அடித்துக் கொடுத்தானா? அங்கே நாம் ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்காரர். அவ்வளவுதான்.)

இந்த நிரூபணம் ஆபத்து நேரத்தில் உதவியிருந்தால்கூட ஒரு பேச்சு. 1915 கலவரத்தின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர் மீதுதான் கோபம் என்றார்கள். நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று உள்ளூர்ச் சோனகர் எவ்வளவோ காலமாகச் சொல்லித்தான் இருந்தார்கள். கடைகளை உடைத்தவர்கள் வாசலில் நின்று, இது எந்தச் சோனகருடைய கடை என்று விசாரித்துவிட்டா உடைத்தார்கள்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1888இல் ‘நீங்களும் தமிழர்தான்’, 1990இல் ‘வெளியே போங்கள்’. மொழி மாறவில்லை, ஊர் மாறவில்லை, நாம் இருந்த வருடக் கணக்கும் குறையவில்லை. அப்படியானால் பிரச்சினை நமது ஆதாரம் போதாமல் இருந்தது அல்ல. யார் உள்ளே, யார் வெளியே என்ற கோட்டைத் தேசியவாதம் தனது அன்றைய தேவைக்கு ஏற்ப இழுக்கிறது. பிறகுதான் அதற்கு வரலாறு தேடுகிறது.

கொடியின் கதையும் அதுதான். 1948 ஜனவரியில், கண்டி மன்னனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மட்டக்களப்பு உறுப்பினர், முதலியார் ஏ. சின்னலெப்பை. நம்மவர். அதன் பிறகு அமைக்கப்பட்ட குழுவில் ஜாயாவும் இருந்தார். பச்சையும் காவியும் சேர்ந்து 1951இல் இன்றைய கொடி வந்தது. அந்தக் குழுவில் செனட்டர் எஸ். நடேசன் ஒருவர்தான் உடன்பட மறுத்தார். சிங்கத்தையே முன்மொழிந்து கொடுத்த சமூகத்துக்கு அதற்குப் பிறகாவது விசுவாசச் சோதனை நின்றதா? 2015இல் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் அந்த இரண்டு நிறங்களையும் எடுத்துவிட்ட கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இதுவரை சொன்னது நமக்கு நடந்தவை. எனக்கு அதைவிட உறுத்துவது இந்தப் பூர்வீக வாதம் மற்றவனுக்கு என்ன செய்கிறது என்பது.

எனது முதல் நியமனம் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 10க்கு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயனில் பிறந்து லயனில் மௌத்தாகிப் போனவர்கள் அதற்கு எந்தக் கடதாசியைக் காட்டுவது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 உறுப்பினர்களை அனுப்பியது. 1952இல் ஒருவரும் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “டீச்சர், ஒங்க ஆளுகளும் கடல் தாண்டி வந்தவங்கதானே? ஒங்களுக்கு மட்டும் எப்பிடி குடுத்தாங்க?”

நீங்கள் முந்தி வந்தீர்கள், நாங்கள் பிந்தி வந்தோம், அதுதானா வித்தியாசம் என்பதுதான் அவள் கேட்டதன் அர்த்தம். ‘நாம் வந்தேறு குடிகள் அல்ல’ என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, ‘வந்தேறு குடிகள் என்று ஒரு கூட்டம் உண்டு, அவர்களை என்ன செய்தாலும் தகும்’ என்பதையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொள்கிறோம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயா அமைச்சராக இருந்தார். அவரது கல்விச் சேவையை ஆசிரியை என்ற முறையில் நான் மறக்கமாட்டேன். ஆனால் நமது சுதந்திர தின மடலில் அவரது பெயர் வரும் இடத்தில் 1948ஆம் ஆண்டின் இந்தப் பக்கமும் வர வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கத்தான் வேண்டி வந்தது, அதையும் நாம் பேசுவதில்லை. மலையக மக்களில் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். கணக்குப் பார்த்தால் 55 வருடம்.

இனி கொவிட் காலத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் எரிப்பைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வந்தது. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி கிடைத்து, ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குப் போயின. அந்தப் பத்து மாதமும் செனரத் மன்னனின் கதையைக் கேட்டு மனம் இரங்கிய அதிகாரி ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்ட வந்தார்களே, சிங்களவர், தமிழர், பாதிரிமார் என்று எல்லோரும், அவர்களில் ஒருவர்கூட நீங்கள் எந்த நூற்றாண்டில் வந்தீர்கள் என்று நம்மிடம் கேட்கவில்லை. ஒரு தாயின் பிள்ளையை அவளது விருப்பத்துக்கு மாறாக எரிப்பது அநியாயம் என்று வந்தார்கள். நாடு என்று நான் விளங்கிக்கொள்வது அந்த வேலியடியில் நின்ற கூட்டத்தைத்தான். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சிலர் கேட்பார்கள்: அப்படியென்றால் முஸ்லிம் என்ற அடையாளத்தை விட்டுவிட்டு வெறும் இலங்கையராகச் சொல்கிறீர்களா? இல்லை. ‘முதலில் முஸ்லிமா, முதலில் இலங்கையனா’ என்ற கேள்வியே பிழை. உம்மாவைப் பார்த்து, முதலில் நீங்கள் வாப்பாவின் மனைவியா, எனது தாயா என்று யாராவது கேட்பதுண்டா? நான் பேசும் தமிழில் பாதி அரபும் கொஞ்சம் சிங்களமும் கலந்திருக்கிறது. எனது சம்பளமும் ஓய்வூதியமும் இந்த அரசிடம். எனது பிள்ளைகளின் பரீட்சை, நான் நிற்கும் டிஸ்பென்சரி வரிசை, 2022இல் நாமெல்லோரும் நின்ற எரிவாயு வரிசை, எல்லாம் இங்கேதான். இவை நான் தெரிவுசெய்த அடையாளம் அல்ல, வாழ்ந்து வாழ்ந்து ஒட்டிக்கொண்டவை. பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இதே வரிசைதான்.

அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையை எடுத்து வாசியுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றை வைத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. எத்தனை தலைமுறை என்ற நிபந்தனை அதில் இல்லை. மன்னனுக்கு உதவி செய்தவரின் வாரிசா என்றும் கேட்கவில்லை. உறுப்புரை 9 என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும், அதை இழுக்கப் போகிறவர்கள் இழுக்கட்டும். ஆனால் பிள்ளைகள் மேடையேறி வாதாட ஓர் இடம் வேண்டுமென்றால் அது 1626 அல்ல, இந்த 12(2).

இம்முறை எங்கள் பாடசாலைச் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு ‘1948இல் நாடற்றவர்களானவர்கள்’ என்று ஒரு தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘நமது நிகழ்ச்சியில் அது எதற்கு டீச்சர்’ என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதிபர் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பாடசாலைகளில் என்ன தலைப்புகள் கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மலையகத்தில் படிப்பிக்கும் சகோதர ஆசிரியர்கள் கட்டாயம் எழுதுங்கள்.