மூர்க்கம் யாருடையது?

கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவே. வெப்பக்கடல் மீனுக்கோ 25 பாகை அளவு வேண்டும். தேயிலை மலையில் அம்மீனை வளர்க்க முனைவோர் உப்பைக் கரைத்துக் கடலைச் செய்து, மின்கருவியால் அதை இரவும் பகலும் சூடேற்ற வேண்டும். இத்தனை பாடுபட்டும் கிளாத்தியையும் சிங்கமீனையும் அஞ்சாலையையும் ஒரு தொட்டியில் அடைத்து, அவை ஒன்றையொன்று கடிப்பதைக் கண்டு, "மூர்க்க மீன்கள்" எனப் பெயர் சூட்டுவது எவ்வகை நீதி?

பகாங்கைச் சேர்ந்த தியோமான் தீவின் கடற்பகுதி 1994-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பெருங்கிளாத்தி, முட்டைகளைக் காக்கும் பருவத்தில் முக்குளிப்போரைத் துரத்திக் கடிக்கும். எல்லையை விட்டு அவர்கள் விலகினால் அதுவும் திரும்பிவிடும். கடலில் தோற்ற மீன் ஓடிப் பிழைக்கும். தொட்டியில் தோற்ற மீன் எங்கே ஓடும்? வென்ற மீனுக்கோ தொட்டி முழுவதும் தன் எல்லை. மூர்க்கத்தை வளர்ப்பது நான்கு கண்ணாடிச் சுவர்களே.

"பிள்ளைகள் இயற்கையை அறிவார்களே!" என்பர். சிறையில் கண்ட சண்டையை இயற்கை என்று கற்பது அறிவாகாது.

வளர்த்துச் சலித்தோர் மீனைக் கடலில் விடுவதும் கேடே. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டமையே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பின்னர்க் கரிபியன் கடலெங்கும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அது தின்று குறைத்துவிட்டது.

தோட்டத்துத் தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று. ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக லயங்களில் நெருங்கி வாழ்ந்தோரிடையே குழாயடியில் சச்சரவு எழுந்தால், "இவர்கள் குணமே இதுதான்" என்று பழித்தோர் பலர். இடநெருக்கடியைப் பழித்தோர் சிலரே. அப்பழியைச் சுமந்த சமுதாயத்தின் பிள்ளைகள் அதையே வாயில்லா உயிர்மீது சுமத்தலாமா?

வகுப்பறையில் மீன்தொட்டி வைக்க விழையும் ஆசிரியர், மலையின் குளிருக்கேற்ற நன்னீர் மீன்களை, தொட்டியின் அளவறிந்து, சிலவாக வளர்க்கட்டும். மீனின் பெயரை மாணவருக்குச் சொல்லுமுன், "இம்மீன் ஒதுங்க இடம் உண்டா?" என்று கேட்கக் கற்பிக்கட்டும். அவ்வினா எழும் வகுப்பில் அறிவியலோடு அறமும் வளரும்.